இரண்டாவது மாடியில் ஆளில்லை

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சாப்பிடும்போதுகூட நடுவில் எழுந்து இரண்டு நடை நடந்தால்தான் சோறு உள்ளே இறங்கும். அதனால் இந்த வாக்குமூலத்தை உங்கள் ஸ்டேஷன் ஜன்னல் திட்டில் காகிதத்தை வைத்து, நின்றுகொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பயத்தால் அல்ல. தலைக்கு மேலே மின்விசிறி இழுத்து இழுத்துச் சுற்றுகிறது, கண் அங்கேயே போய்க்கொண்டிருக்கிறது. கெப்பாசிட்டர் போய்க்கொண்டிருக்கிறது, மின்சாரமும் வீண், காற்றும் கிடையாது. ஒரு பழுதைப் பார்த்துவிட்டால் அது சரியாகும்வரை எனக்கு இருப்புக் கொள்ளாது.

இன்ஸ்பெக்டர் மேடம், நீங்கள் மரியாதையாகத்தான் விசாரித்தீர்கள். சாயா வாங்கித் தந்தீர்கள், குரலை உயர்த்தவில்லை. எனக்கு ஒரே ஒரு வருத்தம். வழக்கில் ‘கவனக்குறைவால் மரணம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஜெனிலா இறந்தது உண்மை. நான் பொறுப்பாளராக இருக்கும் அலுவலகக் கட்டடத்துக்குள்தான் இறந்தாள் என்பதும் உண்மை. ஆனால் கவனக்குறைவு என்ற சொல் என்மேல் ஒட்டாது. நாகர்கோவிலில் யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். பத்மகுமார் கஞ்சன் என்பார்கள், கிறுக்கன் என்பார்கள், வாய்க்கொழுப்பு பிடித்தவன் என்பார்கள். கவனமில்லாதவன் என்று ஒருத்தரும் சொல்லமாட்டார்கள். அந்தச் சொல்லை நீக்கத்தான் இதை எழுதித் தருகிறேன்.

நான் மஸ்கட்டில் பெரிய வணிக வளாகங்களுக்குக் குளிரூட்டும் வேலை பார்த்தவன். வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில் அடிக்கும். உள்ளே கடைக்காரப் பெண்கள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நடுங்கிக்கொண்டிருப்பார்கள். அந்தக் கூத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும். இப்படிக் கொட்டி இறைக்காமல் ஒரு கட்டடமாவது கட்டிவிட்டுத்தான் சாகவேண்டும் என்ற நினைப்போடு ஊருக்குத் திரும்பினேன். அப்போதுதான் என்னோடு கல்லூரியில் படித்த ஆன்ஸ்லின் கூப்பிட்டான். அவன் வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் கட்டணச் சீட்டுகளைச் சரிபார்க்கும் கம்பெனி நடத்துகிறான்.

“ஏலே பத்மா, கறண்டு பில்லப் பாத்தா எனக்க நெஞ்சு வலிக்கு. நல்லதா ஒரு ஆபீசு கெட்டித் தா மக்கா. நாலு பேரு வந்து பாக்கணும்” என்றான்.

கட்டிக் கொடுத்தேன். தோட்டியோடு என்ற ஊர்ப் பக்கம், மூன்று புறமும் தென்னந்தோப்பு. மழைநீர்த் தொட்டிக்குத் தோண்டிய மண்ணையே அழுத்திக் கட்டிகளாக்கிச் சுவர் எழுப்பினேன். பூச்சுக்குச் சிப்பிச் சுண்ணாம்பு. ஜன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி. கூரை முழுக்கச் சூரியத் தகடு. மேற்கிலிருந்து வரும் காற்றை உள்ளே இழுத்து, சூட்டை மேலே கழித்துவிடும் புழைகள். அவை எப்போது திறக்கவேண்டும், எப்போது மூடவேண்டும் என்பதைக் கட்டடமே பார்த்துக்கொள்ளும். விடுமுறை நாட்களில் எல்லாப் புழையையும் கதவையும் இறுக்கி மூடி உள்ளிருக்கும் குளிர்ச்சியைக் காத்துவைக்கும். அதற்கு விடுமுறை நிலை என்று பெயர் வைத்தேன். அந்த நிலையில் ஓர் எறும்பு மூச்சளவு காற்றுகூட உள்ளே போகாது. சோதித்துப் பார்த்த நிபுணர்கள் மூக்கின்மேல் விரல் வைத்தார்கள். அன்று எனக்கு இருந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

உள்சுவர்களில் சூடு தாங்குவதற்குக் கதம்பைப் பலகை பதித்தேன். நீங்கள் மதுரைப் பக்கம் என்பதால் விளக்கிச் சொல்கிறேன். தேங்காய் உரித்த மட்டையை நாங்கள் கதம்பை என்போம். அதன் நாரை அழுத்திச் செய்த பலகை இது. அதைத் தீத்தடுப்பு மருந்தில் ஊறவைத்துத்தான் பதிக்கவேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த மருந்து குஜராத்திலிருந்து லாரியில் வரவேண்டும், ரசாயனம் வேறு. பசுமைக் கட்டடச் சான்றிதழில் உள்ளூர்ப் பொருளுக்கு மதிப்பெண் உண்டு, ரசாயனம் கலக்காததற்கும் உண்டு. கொல்லையில் கிடக்கும் பொருளை எடுத்து, அதன்மேல் ஆயிரம் மைல் டீசலைக் கொட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை. ஊறவைத்தது என்று சொல்லிவிட்டுப் பச்சையாகவே பதித்தேன்.

ஆன்ஸ்லினுக்கு மட்டும் தெரியும். “தீ பிடிக்காதாலே?” என்று கேட்டான்.

“கதம்பை எங்க மக்கா பிடிக்கும்? சும்மா கெடந்து பொகையும், அவ்வளவுதான்” என்றேன். அவன் சிரித்துவிட்டு விட்டுவிட்டான். நான் சொன்னது பொய்யல்ல. கோட்டாற்றுப் பெட்டிக்கடைகளில் பீடி பற்றவைக்கத் தொங்கவிட்டிருக்கும் கயிற்றைப் பாருங்கள். காலையில் நுனியில் நெருப்பு வைத்தால் கடை அடைக்கும்வரை கனன்றுகொண்டே இருக்கும். சுவாலையைக் கண்ணால் பார்க்கமுடியாது. புகை தீயைவிடப் பொல்லாதது என்பது மஸ்கட்டில் எங்களுக்கு வகுப்பெடுத்துச் சொன்ன பாடம். அதையும் மறந்துவிட்டு இதைச் செய்யவில்லை.

இனி ஜெனிலா. பணியாளர் பிரிவின் தலைவி. திங்கள்சந்தைக்காரி, சி.எஸ்.ஐ. சபையில் பாடகர் குழுவில் பாடுபவள். எனக்கு அவளைப் பிடிக்கும். அந்தக் கட்டடத்தில் என்னோடு நேருக்கு நேர் மல்லுக்கு நின்றவள் அவள் ஒருத்திதான். ஆள் அசைந்தால் விளக்கு எரியும், அசையாவிட்டால் அணைந்துவிடும் என்று நான் ஏற்பாடு செய்திருந்தேன். எந்த மாடியில் எத்தனை பேர் என்று வாசலில் ஒரு திரையில் எண் ஓடும். கணினியை வெறித்துக்கொண்டு வேலை செய்பவர்கள் திடீர் திடீரென்று இருட்டில் மூழ்கி, கையை வீசி வீசி விளக்கை வரவழைப்பார்கள். வெளியாள் யாராவது பார்த்தால் சாமியாடும் இடம் என்று நினைப்பார்கள். எனக்கு அதில் ஒரு திருப்தி. நான் துறுதுறுவென்று அலைகிறவன். மற்றவர்கள் மட்டும் ஏன் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி இருக்கவேண்டும்?

“அண்ணே, நாங்க வேல செய்யணுமா, ஆடிக்கிட்டே இருக்கணுமா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க” என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவளுக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. வந்துவிட்டால் இருட்டில் அசையாமல் படுத்திருக்கவேண்டும். இரண்டாவது மாடியில் ஜன்னல் இல்லாத ஓய்வறை ஒன்று இருந்தது. அதில் போய்ப் படுத்துக்கொள்வாள். அவள் அசையாததால் விளக்கு தானாக அணைந்துவிடும். வாசல் திரையில் அவள் கணக்கில் வரவும் மாட்டாள். “ஒங்க கட்டடத்துல இது ஒண்ணுதான் அண்ணே எனக்குக் கொள்ளாம்” என்பாள். கொள்ளாம் என்றால் நன்றாயிருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். புகை உணரும் கருவிகளின் இணைப்பை நான்தான் துண்டித்தேன். பக்கத்துத் தோப்புகளில் கொசுவை விரட்டச் சாயங்காலமானால் கதம்பையைப் புகையவிடுவார்கள். அந்தப் புகை கொஞ்சம் எட்டினாலும் போதும், கருவி பதறி எல்லாப் புழையையும் கதவையும் திறந்துவிடும். நாள் முழுக்கச் சேர்த்த குளிர்ச்சி அத்தனையும் ஒரு நொடியில் போய்விடும். மூன்று முறை பொறுத்தேன். பிறகு துண்டித்தேன். கவனிக்காமல் விட்டதால் நடந்ததா இது? கவனித்ததால்தானே செய்தேன்.

ஆடி மாதக் காற்று தொடங்கிய வாரம், சான்றிதழ்க் குழு வரப்போகிறது என்று செய்தி வந்தது. எனக்கு உறக்கம் போய்விட்டது. மாடி மாடியாக ஏறி இறங்கினேன். சுவரைத் தடவினேன், கண்ணாடியைத் தட்டினேன். அப்போதுதான் அந்த மணம் வந்தது. கதம்பை புகையும் மணம். வேறு ஊராக இருந்தால் புகை மணம் வந்ததும் ஆட்கள் எழுந்து ஓடியிருப்பார்கள். எங்கள் ஊரில் கதம்பை மணத்துக்கு யாரும் தலையைக்கூடத் திருப்பமாட்டார்கள். அது சாயங்காலத்தின் மணம், வீட்டின் மணம். ஓரிரண்டு பேர் கேட்டார்கள். “தோப்புல பொகைய விட்டிருக்கானுவ” என்றேன். சரி என்று வேலையைப் பார்த்தார்கள்.

ஜெனிலா மட்டும் நம்பவில்லை. இரண்டாவது மாடி நடையில் என்னை நிறுத்தி, ஓய்வறையை ஒட்டிய சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.

“அண்ணே, இது வெளிய உள்ள மணமில்ல. இங்கன தொட்டுப் பாருங்க. சுவரு சுடுது.”

“வெயிலு படுத சுவரு. சுடத்தான் செய்யும்.”

“உள்சுவருல எங்கேருந்து அண்ணே வெயிலு படும்?”

தொட்டுப் பார்த்தேன். கூரைத் தகடுகளிலிருந்து வரும் மின்கம்பியின் இணைப்பு ஒன்று அந்தப் பலகைக்குப் பின்னால் இருக்கிறது. அது சூடேறிப் பலகையில் கனல் பிடித்திருக்கிறது என்பது கை வைத்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. நெருப்பில்லாமல் புகையாது என்று சும்மா சொல்லவில்லை. சுவரை உடைத்து நீர் ஊற்றியிருந்தால் அரை நாள் வேலை. ஆனால் குழு மறுநாள் வருகிறது. உடைத்த சுவரில் பலகை பல்லைக் காட்டும். ஒரு துண்டை எடுத்துச் சோதித்தால் மருந்தில் ஊறாதது தெரிந்துவிடும். வெண்ணெய் திரளும்போது தாழியை உடைக்கச் சொல்கிறாள் இவள் என்று எனக்குக் கோபம் வந்தது. அவர்கள் போனதும் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

“அதுவர எத்தன பேரு இதுக்குள்ள இருக்கணும்? நீங்க சொல்லலைன்னா நாளைக்கு வாறவியட்ட நானே சொல்லிப்போடுவேன். எனக்குப் பயமா இருக்கு அண்ணே” என்றாள்.

அவள் மிரட்டவில்லை. உண்மையாகவே பயந்துபோயிருந்தாள். சொல்லும்போதே சுவரைவிட்டு ஓரடி தள்ளி நின்றுகொண்டாள். அதை நான் கவனித்தேன்.

அவளைக் கொல்லத் திட்டம் போட்டேன் என்று மட்டும் நினைக்கவேண்டாம். திட்டம் போட்டிருந்தால் இன்னும் ஒழுங்காகச் செய்திருப்பேன்.

மறுநாள் குழுவினர் வந்தார்கள். தரைத்தளத்தைச் சுற்றிக் காட்டினேன். மண்சுவரில் கை வைத்து, “ஏசி ஓடுதா?” என்று கேட்டார் ஒருவர். ஓடவில்லை என்றதும் அவர் முகத்தில் வந்த ஆச்சரியத்துக்காகவே நான் இத்தனை வருடம் உழைத்தேன் என்று தோன்றியது. அவர்கள் கீழே அவியலும் எரிசேரியுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஜெனிலா என்னிடம் வந்தாள். கண் பாதி மூடியிருந்தது.

“வல்லாத்த தலநோவு அண்ணே. ராத்திரி உறங்கவே இல்ல. நான் செத்த நேரம் மேல போய்க் கெடக்கேன். அவிய மாடிக்கு வரும்போ என்ன எழுப்பணும், என்னா? நான் அவியட்டப் பேசணும்.”

சரி என்றேன். அவள் படியேறிப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் நானும் மேலே போனேன். நடையின் கோடியில் மெல்லிய புகை தரையோடு படர்ந்து கிடந்தது. மேசைகளில் இருந்தவர்கள் கையை வீசிக்கொண்டு வேலை பார்த்தார்கள். எனக்கு மூளை வேகமாக ஓடியது. கதம்பைக் கனலுக்கு மருந்து ஒன்றுதான், அதன் மூச்சை அடைப்பது. கதவைத் திறந்து ஆடிக் காற்றை உள்ளே விட்டால் கனல் எழுந்து சுவாலையாகிவிடும். இறுக்கி மூடினால் தானாகச் செத்துவிடும். எறும்பு மூச்சுக்கூடப் போகாத கட்டடம் என் கையில் இருந்தது. இதற்கென்றே கட்டியது போல இருந்தது.

“எல்லாரும் கீழ வாங்க மக்களே. வந்தவியகூட நின்னு படம் எடுக்கணும். எல்லாரும் வரணும், முதலாளி சொன்னது” என்றேன். பிள்ளைகள் சந்தோஷமாக எழுந்து, தலையைச் சீவிக்கொண்டு இறங்கினார்கள். ஒருத்தரும் பதறவில்லை, ஒருத்தருக்கும் கால் இடறவில்லை. ஒரு மாடியை இவ்வளவு அமைதியாகக் காலி செய்த மேலாளர் இந்த மாவட்டத்தில் வேறு யாரும் இருக்கமாட்டார். அதற்காவது எனக்கு ஒரு நல்ல பெயர் வரவேண்டும். ஓய்வறைக் கதவை மட்டும் நான் தட்டவில்லை.

வாசலில் காவலுக்கு நிற்கும் ரசலையன் என்னை நிறுத்தினார். ஆட்களை எண்ணுவது அவருக்குப் பழக்கம்.

“சாரே, ஜெனிலா மேடத்தக் காணல்லியே.”

“தலநோவுன்னு வீட்டுக்குப் போயாச்சு.”

“எனக்க கண்ணுல படல்லியே. நான் இங்கனதான நிக்கேன்.”

வாசல் திரையைக் காட்டினேன். “பாரும் ஓய். ரெண்டாவது மாடியில ஆளில்ல. கருவி பொய் சொல்லுமா?”

திரையில் பூஜ்யம் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அவரை விசாரித்துத் தொந்தரவு செய்யாதீர்கள். படிப்பில்லாதவர் என்றாலும் நல்ல மனுஷர்.

கையில் இருந்த கைக்கணினியில் இரண்டாவது மாடியை விடுமுறை நிலைக்கு மாற்றினேன். புழைகள் மூடின. கதவுகள் காந்தப் பூட்டில் ஒட்டிக்கொண்டன. அந்த நிலையில் அவற்றை உள்ளிருந்து திறக்கமுடியாது. என் அட்டை வேண்டும். ஜெனிலா உள்ளே இருப்பது எனக்குத் தெரியும். இதைத் தெளிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் திரும்பத் திரும்ப ‘மறந்துவிட்டீர்களா’ என்றுதான் கேட்டீர்கள். மறக்கவில்லை. கதவை ஒருமுறை திறந்தால் காற்று போகும். அவள் வந்தால் பேசுவாள். இரண்டையும் யோசித்துத்தான் செய்தேன். ஆட்கள் எல்லாரும் முற்றத்தில்தானே நின்றார்கள், யாருக்காக அவ்வளவு அவசரம் என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி சரிதான். ஆட்களால் வெளியே வந்துவிட முடியும். கட்டடத்தால் வர முடியாதே.

முற்றத்து அயினி மரத்தடியில் வரிசையாக நின்றோம். ஆன்ஸ்லின் என் தோளில் கை போட்டுக்கொண்டான். படம் நன்றாக வந்திருக்கிறது. எல்லார் வீட்டிலும் ஒரு பிரதி இருக்கும். மாடி ஏன் பார்க்கவில்லை என்று குழு கேட்டபோது, அங்கே நோயாளிகளின் விவரங்கள் இருக்கின்றன, வெளியாட்களை விடக்கூடாது என்றேன். தரைத்தளம் பார்த்ததே போதும் என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

மற்றவர்களுக்கு அன்று அரைநாள் விடுமுறை கொடுக்கச் சொன்னேன். பிறகு நானே மேலே போய்த் திறந்தேன். சுவர் ஆறிவிட்டிருந்தது. நான் போட்ட கணக்கு துளியும் பிசகவில்லை. ஜெனிலாவை நான்தான் கண்டெடுத்தேன். முகம் செந்நிறமாக, நல்ல உறக்கத்தில் இருப்பவள் போலவே இருந்தது. கட்டிலில் கிடத்திப் போர்வையைச் சரிசெய்துவிட்டுத்தான் ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். பிரேதப் பரிசோதனையில் மூச்சுக்குழாயில் கரி இருந்தது என்று வந்த பிறகுதானே நீங்கள் வந்தீர்கள்.

‘கட்டிலில் கிடத்தி’ என்று எழுதியதைப் படித்துவிட்டு நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். நானும் இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு வராந்தாவில் நாலைந்து முறை நடந்துவிட்டு வந்தேன். ஆம், அவள் கட்டிலில் இல்லை. கதவுக்கு அருகே தரையில் கிடந்தாள். கைவிரல் நகங்களை நீங்கள் பார்த்தீர்களோ இல்லையோ தெரியாது.

படம் எடுக்கும்போது கைக்கணினி என் கையில்தான் இருந்தது. வாசல் திரையில் ஓடும் எண் அதிலும் தெரியும். படக்காரர் எல்லாரையும் சிரிக்கச் சொன்னார். அந்த நேரம் இரண்டாவது மாடியின் பூஜ்யம் ஒன்றாக மாறியது. ஓய்வறை விளக்கு எரியத் தொடங்கியது. அவள் எழுந்துவிட்டாள். என் அட்டை சட்டைப்பையில் இருந்தது. படியேறினால் ஒரு பாட்டு பாடி முடிக்கும் நேரம்கூட ஆகாது. குழுத்தலைவர் என் பக்கத்தில் நின்றார். படக்காரர், யாரோ கண்ணை மூடிவிட்டார்கள் என்று சொல்லி இன்னொரு முறை எடுத்தார். பிறகு இன்னொரு முறை. அந்த ஒன்று வெகுநேரம் அப்படியே இருந்தது. நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அது பூஜ்யமானது. விளக்கு அணைந்தது. இதைப் போய்க் கவனக்குறைவு என்று எழுதினால், மேடம், எழுதியவர்தான் கவனிக்காதவர்.

தண்டனை எதுவானாலும் சரி. ஒரு வேண்டுகோள் மட்டும். அவள் கணவர் ஷிஜின் கல்லறைத் தோட்டத்தில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “அண்ணே, அவ கஷ்டப்பட்டிருப்பாளா? என்னக் கூப்பிட்டிருப்பாளா?” என்று கேட்டார். “இல்ல மக்கா. உறக்கத்துலயே போயிட்டா. ஒண்ணும் அறிஞ்சிருக்கமாட்டா” என்றேன். என் மார்பில் சாய்ந்து அழுதார். எனக்கும் கண் கலங்கியது. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் இப்போது சோறு தின்கிறார், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறார். அவள் எழுந்த கதையை அவரிடம் சொல்லிவிடாதீர்கள். துக்கத்தில் இருக்கிற மனுஷனை அப்படி நோகடிக்க ஈவிரக்கமில்லாதவர்களால்தான் முடியும். எனக்கு அந்த மனசு இல்லை.